மூன்றாவது பெயர்

மாநாட்டு அரங்கில் என் ஆய்வுப் போஸ்டரை மாட்டி முடித்ததும் என் கைடு வந்து, ஆய்வை எழுதிய ஆசிரியர்களின் பெயர் வரிசையைப் பார்த்தார். முதலில் என் பெயர், அடுத்து அவர் பெயர், மூன்றாவதாக என் தாய்மாமாவின் பெயர். கல்லூரியும் துறையும் போட வேண்டிய இடத்தில் மாமாவுக்கு ‘சங்கு குளிப்பவர், தூத்துக்குடி’ என்று போட்டிருந்தேன்.

“இவரை நன்றியில போடும்மா. ஆசிரியர்னா ஒரு படிப்பு வேண்டாமா?” என்றவர், வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை அந்தப் பெயர்மேல் ஒட்டிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலடிப் பாறைத்திட்டை எங்கள் ஊரில் பார் என்போம். அந்தப் பாரில் இருந்த சங்குகளை மூழ்கி எண்ணியவர் மாமா. நான் வள்ளத்தில் உட்கார்ந்து எழுதினேன், பாதி நாள் வாந்தி எடுத்தேன்.

நடுவராக வந்த பேராசிரியர் கேட்டார். “ஜிபிஎஸ் பாதியிலேயே பழுதாகிட்டதா எழுதியிருக்கீங்க. அப்புறம் அதே பாருக்கு எப்படிப் போனீங்க?”

ஸ்டிக்கரை உரித்தேன். “மூணாவது ஆசிரியர் சொல்லுவார் சார்.”

சுவரோரம் நின்ற மாமாவை இழுத்து வந்தேன்.

“மாதா கோயில் கோபுரத்துக்குப் பின்னால புகைபோக்கி மறையணும்யா. அதே நேரம் தெக்க தண்ணி டேங்க் தனிப்பனைக்கு நேரா வரணும். அங்கன நங்கூரம் போட்டா பார்தான்.”

“எவ்வளவு துல்லியமா?”

“வாங்கய்யா, இறக்கிக் காட்டுதேன்.”

நடுவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அவர் நகர்ந்ததும் கைடு, “இந்தப் பேரோட போஸ்டர் இருக்கக் கூடாது. வாபஸ் வாங்குறேன்” என்று மாநாட்டு மேசையில் போய் ஒரு படிவம் வாங்கி வந்தார்.

மாமா பதறிவிட்டார். “ஏளா, எனக்கெதுக்குப் பேரு? அழிச்சிரு. உன் படிப்பு கெட்டுறப்போவுது.”

“அழிக்க மாட்டேன்” என்றேன். அவர்மேலும்தான் கோபம் வந்தது.

நான் விண்ணப்பித்தபோது கொடுத்த மூன்று பெயர்களும் படிவத்தில் அச்சாகியிருந்தன. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். கைடு போட்டார். என்னிடம் நீட்டவில்லை. மாமா மசிந்தால் நானும் வழிக்கு வருவேன் என்று நினைத்திருப்பார்.

“அண்ணாச்சி, மூணாவது ஆசிரியர்னு இருக்கில்ல, அங்க ஒரு கையெழுத்து.”

மாமா அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். பிறகு பேனாவை மூடி, கைடின் சட்டைப் பையிலேயே செருகினார்.

“போட மாட்டேன்யா.”