மல்லாட்டைக் கொல்லையில் கார் ரேஸ்

பழைய வீடியோ கேம் சிடிகளைக் கணினியில் ஏற்றி, சி.எச்.டி. என்கிற சுருக்கிய கோப்பாக்கித் தருவது என் தொழில். வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லியே தொண்டை வற்றிப்போனவர்கள் என் வலியை அறிவீர்கள்.

மீதிப் பாதி

சிதம்பரத்திலிருந்து செந்தில் ஒரே ஒரு கார் ரேஸ் சிடியோடு என் மஞ்சக்குப்பம் கடைக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வெள்ளிக்கிழமை வருகிறாராம். நிலத் தகராறில் நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. சின்ன வயதில் இந்த ஆட்டம் ஆடும்போது மட்டும்தான் அடித்துக்கொள்ள மாட்டார்களாம். சுருக்கினாலும் ஒரு துளி குறையாது என்று சத்தியம் செய்தேன். பாதி அளவான கோப்பைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எதுவும் கொறையலன்னா, மீதிப் பாதி எங்கக்கா போச்சு?"

பாட்டு இல்லாத பந்தயம்

அந்த சிடியில் விளையாட்டு ஒரு பகுதி, பாட்டுகள் தனித்தனிப் பகுதிகள். எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்க வேண்டும். நான் முதல் பகுதியை மட்டும் சுருக்கிவிட்டு, கணினியில் ஏற்றியிருந்த மற்ற பகுதிகளை அழித்தும் விட்டேன். யானைக்கே அடி சறுக்கும்போது எனக்குச் சறுக்காதா?

புதன்கிழமை செந்தில் போன் செய்தார். கார் ஓடுகிறது, பாட்டு வரவில்லை. சிடியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு அப்பா அத கம்மாபுரம் கொல்லையில மயிலு வெரட்டக் கட்டிட்டாருக்கா."

முடிச்சு

மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரில் கம்மாபுரத்துக்குக் கிளம்பினேன். அண்ணன் தம்பி தகராறுக்குக் காரணமான அதே நிலம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்திருந்தார்கள். குச்சிக்குக் குச்சி சிடி மின்னியது. கல்யாண வீடியோ, பக்திப் பாட்டு, நடுவில் நம் கார் ரேஸ். செந்திலின் அப்பா அவிழ்க்க விடவில்லை. அவிழ்த்தால் மயில் ஒரு விதைகூட விடாது என்றார். "உங்க பசங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னுதான் கேக்கறேன்" என்றேன். அவரே முடிச்சை அவிழ்த்தார்.

கடைக்குத் திரும்பி, சிடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கணினியில் போட்டேன். நாலாவது முயற்சியில் கடைசிப் பாட்டு வரை ஏறியது. போன உயிர் திரும்பி வந்தது. இந்த முறை எல்லாப் பாட்டையும் கேட்ட பிறகே கோப்பைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செந்தில் பேசினார்: "பாட்டு வந்துச்சுக்கா, தம்பியும் பேசிட்டான். ஆனா மயிலும் வந்துடுச்சு. இப்ப ரெண்டு பேரும் கொல்லையில நின்னு அதத்தான் வெரட்டிக்கிட்டிருக்கோம்."

ஆகவே சக அப்பாவிகளே, கோப்பைக் காது கொடுத்துக் கேட்காமல் மூல சிடியை மயிலிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.