செவன் கிங்ஸ் சலூனில் ஐந்து வருட ஒப்பந்தம்

2009 ஜூலை. தங்கை மகளின் கல்யாணத்துக்காகக் கனடாவிலிருந்து லண்டன் வந்திருக்கிறேன். செவன் கிங்ஸில் ஒரு தமிழ்ச் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது மகன் தொலைபேசியில் அழைக்கிறான். எங்கள் நகரத்து ஐஸ் ஹொக்கி அணியின் மனேஜர், முப்பத்தேழு வயதுக் கோல் காப்பாளரை ஐந்து வருடங்களுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறாராம்.

"அந்த மனேஜருக்கு விசர், முழுப் பைத்தியம்!" என்று கத்திவிடுகிறேன்.

முடி வெட்டுபவரின் கத்தரிக்கோல் நிற்கிறது. "ஐஸ் ஹொக்கியோ அண்ணை?" முகமெல்லாம் சிரிப்பு. லண்டன் வருமுன் பன்னிரண்டு வருடம் சுவிஸில் இருந்தவராம். அங்கே ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லையாம்.

"அவர் செய்தது சரி அண்ணை. கோலுக்கு நிக்கிறவனுக்குக் கண்தான் முக்கியம். வயசு போகப் போகத்தான் அடி எங்கயிருந்து வருமெண்டு விளங்கும்."

"கடைசி வருசம் குனிய ஏலாமல் போனால்?"

அவர் கத்தரிக்கோலை வைக்கிறார். மேசையில் இரண்டு பவுடர் டின்களைக் கோலாக வைத்து, கையில் சீப்புடன் நிற்கிறார். கழுத்தில் துணியோடு எழுந்து, ஒரு போத்தல் மூடியைச் சுண்டுகிறேன். தடுக்கிறார். மறுபடி சுண்டுகிறேன். அதையும் பாய்ந்து தடுக்கிறார்.

"எனக்கு நாப்பத்தொன்பது வயசு அண்ணை!"

காத்திருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். ஒப்பந்தம் இரண்டு வருடம் போதும் என்கிறேன் நான், நான்காவது வேணும் என்கிறார் அவர். மூன்றில் கைகொடுக்கிறோம்.

"இங்க எல்லாரும் புட்போலும் கிரிக்கெட்டும்தான். இதுக்குச் சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லை. நாளைக்கும் வாங்கோ."

"நாளைக்கு வெட்ட என்ன இருக்கும்?"

"தாடி வளரும்தானே!"