தமிழில் தொடக்க நிலை

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எழுந்து, சுவாமி அறையில் விளக்கேற்றி, ஒரு பதிகம் பாடி முடித்துத் திரும்பினேன். அதற்குள் பதில் வந்திருந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இம்முறை தங்களைத் தெரிவுசெய்ய இயலவில்லை. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். எழுபதை நெருங்குபவனின் எதிர்காலத்தை வாழ்த்தும் பெருந்தன்மை அந்த அலுவலகத்துக்கு இருந்தது. ஆனால் ஒரு பதிகம் பாடும் நேரத்துக்குள் என் வாழ்க்கை முழுவதையும் வாசித்து முடித்தவர் யார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

கொழும்பிலுள்ள ஒரு பதிப்பகம் வீட்டிலிருந்தே தமிழ் மெய்ப்புப் பார்க்க ஆள் தேடியது. நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஓய்வூதியம் தனி ஒருவனுக்குப் போதும். ஆயினும் அந்த விளம்பரத்தைக் கண்ட நாள் தொட்டு அது எனக்கே கிடைக்கவேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

மனைவி போனபின் எங்கள் ஆரையம்பதி வீட்டில் எழும் குரல் என்னுடையது மட்டுமே. அதுவும் காலையும் மாலையும் பாடும்போது மட்டும். மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கை முழுவதும் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். எங்கள் வாசல் படலைக்கு அருகில் வந்ததும் அடிப்பதை நிறுத்தி, கடந்து போனபின் மறுபடி தொடங்குவார். மரக்கறி மட்டும் உண்ணும் வீட்டுக்கு அவர் தரும் மரியாதை அது. வீட்டின் பின்புறம் வாவி. தோணிக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசுவதும் சிரிப்பதும் தண்ணீர்மேல் தெளிவாக வந்து சேரும். அந்தப் பேச்சில் எனக்கென்று ஒரு சொல்லும் இராது. வேலை என்று ஒன்று இருந்தால் யாரேனும் ஒருவர் என்னிடமிருந்து எதையேனும் எதிர்பார்த்திருப்பார். பிந்தினால் ஏன் பிந்தியது என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே விண்ணப்பித்தேன் என்று சொன்னால் அது மிகையன்று.

கனடாவில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அழைப்பான். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. மருந்து குடித்தீர்களா, மழை பெய்ததா, பேரப்பிள்ளைகள் நித்திரை என்பவற்றோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். அந்த ஞாயிறு நான் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

“இந்த வயசில வேல என்னத்துக்கு அப்பா? காசு தட்டுப்பாடா?”

“காசில்ல மனே. சும்மா ஒரு வேல.”

அவனுக்கு அது விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை. அனுப்பிய சுயவிபரத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னான். அப்போதே திறந்து வாசித்தான். பிறகு அவன் சிரிக்கத் தொடங்கினான். அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது.

“அப்பா, இத மனிசர் வாசிக்கல்ல. முதல்ல ஒரு மெசின் வாசிக்கும். அது கழிச்சது போக மிச்சம் இருக்கிறதத்தான் மனிசர் பாப்பாங்க.”

பதிகம் முடியுமுன் என்னை வாசித்தவர் யார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கலியாண அழைப்பிதழில் செய்வது போல, மேலே பிள்ளையார் சுழியும் அதன்கீழ் என் பெயரும் வைத்து அழகாக ஒரு சட்டம் போட்டிருந்தேன். சட்டத்துக்குள் இருப்பதை அந்த மென்பொருள் வாசிக்காமலே தாண்டிவிடுமாம். ஆகவே அதற்கு நான் பெயரில்லாத ஆள். விளம்பரத்தில் ‘மெய்ப்புத் திருத்தம்’ என்றிருக்க, நான் ‘அச்சுப் படிகளைச் செப்பம் செய்தல்’ என்று எழுதியிருந்தேன். கேட்ட சொல் அகப்படவில்லை என்று அது அங்கேயும் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கும். இறுதியில் ‘பிழை பொறுத்தருள்க’ என்று முடித்திருந்தேன்.

“பிழை பிடிக்கிற வேலைக்கு, பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க எண்டு எழுதின ஒரே ஆள் நீங்கதான்!”

“நாங்க அப்படித்தானே மனே முடிக்கிறது.”

“சரி, அது போகட்டும். தமிழ்த் தேர்ச்சிக்கு என்ன போட்டீங்க?”

தொடக்க நிலை, இடைநிலை, உயர்நிலை, நிபுணர் என்று விண்ணப்பப் படிவத்தில் நான்கு தெரிவுகள் இருந்தன. நான் முதலாவதைத் தெரிவுசெய்திருந்தேன். சொன்னதும் அவன் கத்தியே விட்டான்.

“அப்பா! தமிழ் இப்பதான் படிக்கத் துவங்கியிருக்கன் எண்டு போட்டா எந்த மெசின் உங்கள உள்ள விடும்?”

“தமிழில நான் நிபுணன் எண்டு எவன் துணிஞ்சு சொல்லுவான்? எவ்வளவோ பாடினவங்களே, எனக்கு ஒண்டும் தெரியா, நான் கடையன் எண்டுதானே பாடியிருக்காங்க?”

“அவங்க பாடினது சாமிக்கு. நீங்க குறைச்சுச் சொன்னாலும் சாமி கூட்டி எடுக்கும். மெசின் சொன்னத அப்படியே நம்பும் அப்பா. அதுக்கு அடக்கம் விளங்காது.”

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். நான் அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தன்னைத் தாழ்த்திப் பாடுவதற்கு, தன்னை அறிந்த ஒருவர் எதிரில் இருக்கவேண்டும். இல்லையேல் அது வெறும் தகவலாகிவிடுகிறது.

பிறகு, படிவத்தில் இறுதியாக இருந்த சில ஆண்டுகளைப் பற்றிக் கேட்டான். ஓய்வுபெற்றபின் என்ன செய்தேன் என்னும் இடம் அது.

“ஒண்டும் எழுதல்ல. அம்மாவப் பாத்த காலம் அது.”

“வெறுமையா விட்டா, சும்மா இருந்ததெண்டு அது எடுத்துக்கொள்ளும்.”

அவளைக் குளிப்பாட்டியதும், கஞ்சியை வடித்துக் கரண்டியால் ஊட்டியதும், வலி கூடும்போது பக்கத்தில் இருந்து மெல்லப் பாடியதும் எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. “நோயாளர் பராமரிப்பு எண்டு போடுங்க அப்பா,” என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. மறுகணம், நான் கேளாமலே சொன்னான்: “நானும் இஞ்ச வந்த புதுசில வேலைக்குக் கனக்க விண்ணப்பம் அனுப்பினன். எல்லாத்தையும் மெசின்தான் திருப்பி அனுப்பினது. ஒரு மனிசர்கூட வேணாமெண்டு சொல்லல்ல. பனிக்காலம் முழுக்க அறைக்குள்ளதான் கிடந்தன். சொன்னா அம்மா அழுவா எண்டு சொல்லல்ல.”

அந்தப் பனிக்காலத்தில் அவன் ‘நல்லா இருக்கன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. நாங்களும் இங்கே அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அன்று அவன் மனைவி வந்து படுக்கச் சொல்லும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

பதிப்பகம் மறுபடியும் விளம்பரம் செய்தபோது சுயவிபரத்தைத் திருத்தி எழுதினேன். சட்டத்தை நீக்கினேன். சுழியைக் கடதாசியில் தனியே இட்டுக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். விளம்பரத்தின் சொற்களை அப்படியே எடுத்து என் அநுபவத்தோடு கோத்தேன். அர்ச்சனையிலும் இறைவனுக்குப் புதிதாக ஒரு நாமத்தை யாரும் சொல்வதில்லையே, அவனுடைய நாமங்களையே அவனிடம் திருப்பிச் சொல்கிறோம் என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானம் அதிக தூரம் வரவில்லை. நாமம் சொல்பவன் கேட்கப்படுகிறான் என்ற நம்பிக்கையோடு சொல்கிறான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. தமிழ்த் தேர்ச்சி என்ற இடத்துக்கு வந்ததும் எழுந்துபோய்ச் சுவாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து ‘நிபுணர்’ என்பதைத் தெரிவுசெய்தேன்.

அன்று மறுப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு மகன் அழைத்தபோது திருத்துவதற்கு ஒன்றும் இல்லாததால், மருந்து, மழை, பேரப்பிள்ளைகள் என்பவற்றோடு பேச்சு முடிந்தது.

சில நாள் கழித்து ஒரு முற்பகலில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. பதிப்பகத்துப் பெண்பிள்ளை, குரலில் இளமை, பேச்சில் அவசரம்.

“ஐயா, உங்கட சுயவிபரம் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஒரு சின்னக் கேள்வி. கடைசியா நோயாளர் பராமரிப்புன்னு போட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரியிலயா?”

“இல்ல மகள். வீட்டில. என்ட மனுசி.”

“ஓ... இப்ப எப்படி இருக்காங்க?”

“இல்ல.”

“மன்னிச்சிக்கங்க ஐயா,” என்றாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, பரீட்சார்த்தமாக ஒரு சிறுவர் நூலின் மெய்ப்பை அனுப்புவதாகச் சொன்னாள். “வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள்ள வேணும். பிந்தினா நான் எடுத்து ஏன்னு கேப்பன். கோவிக்கக்கூடாது.”

“கேளுங்க மகள்,” என்றேன். “கட்டாயம் கேளுங்க.”

புதன்கிழமை மாலையே வேலை முடிந்துவிட்டது. இரண்டு முறை சரிபார்த்தேன். திருத்த இனி ஒன்றும் இல்லை. வியாழன் காலை விளக்கேற்றிப் பாடிவிட்டுக் கணினியின் முன் வந்து அமர்ந்தேன். ஒழுங்கையில் மீன்காரரின் ஹோர்ன் நெருங்கி வந்து, என் படலையருகில் நின்று, அப்பால் போய்த் தொடர்ந்தது. கோப்பை அனுப்ப ஒரு விசையை அழுத்தினால் போதும். நான் அதை அழுத்தாமல், தொலைபேசியை மேசைமேல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி தாண்டட்டும் என்று இருந்தேன்.