ஒரு கைத்துப்பாக்கி, மூன்று கொட்டேஷன்

மூன்று கொட்டேஷன் மாதிரி வரிசையாகப் போட்டு ஒப்பிட்டுவிட்டால் போயிற்று என்று எனக்குத் தோன்றியது, ரோலா பஸ் நிலையத்தில் துபாய் பஸ்ஸுக்கு நின்றபோது. முதலாளி அனுப்பிய மின்னஞ்சல் அப்போதுதான் கைப்பேசியில் வந்து விழுந்திருந்தது.

அடுத்த மாதம் ஆப்பிரிக்காவில் ஒரு வேட்டைப் பண்ணைக்குப் போகிறார் அவர். துப்பாக்கியைப் பண்ணையே தரும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடக்கூடிய கைத்துப்பாக்கி. மாற்றிப் பொருத்த மூன்று குழல்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தோட்டா. எது வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் நான் கிளப்பில் குறிசுடப் போவது அவருக்குத் தெரியும் என்பதால் மேலே ஒரே வரி: "கோன்சா அச்சா? தும் போலோ, கலாஸ்." எது நல்லது, நீ சொல், அவ்வளவுதான் என்று.

நான் சொல்வதுதான் முடிவு. அவர் சுடப்போவது ஒரு மானை, ஒரே குண்டால்.

பண்ணை மேனேஜரின் கடிதத்தை பஸ்ஸிலேயே மூன்று தடவை படித்தேன். ஒரு துளி ரத்தம் விழுந்தாலும் அந்த மானுக்கான காசு உங்கள் கணக்கு; அது தப்பி ஓடினாலும் வேட்டை முடிந்தது என்று எழுதியிருந்தான். அடுத்த வரியிலேயே, மூன்றில் நடுத்தரமான முப்பது-முப்பது என்ற தோட்டாவைப் பரிந்துரைத்திருந்தான். அதைவிட வேகமான முந்நூற்றெட்டு கையில் இருக்கும்போது எதற்கு இது? மான் அடிபட்டு ஓடினால் இவனுக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

ஆபீஸில் உட்கார்ந்ததும் எக்செல்லைத் திறந்தேன். தோட்டா, குண்டின் எடை, வேகம், அடியின் பலம். தயாரிப்பாளர்களின் இணையப் பக்கங்களில் இருந்த எண்களைப் போட்டேன். முந்நூற்றெட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்து, டாக்குமெண்ட்ஸ் பார்க்கும் அக்காவின் மேசைக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் காகிதத்தையும் யாரோ கள்ளத்தனமாகத் திருத்திக் கொடுத்ததைப் போலத்தான் வாசிப்பார்.

"துவக்குக் கதையோ? காலமையே தொடங்கிட்டியே பிள்ளை."

"கொட்டேஷன்னு நினைச்சுப் பாருங்கக்கா. இதுதான் எல்லாத்துலயும் மேல. அந்த ஆள் இத விட்டுட்டு வேற ஒண்ணச் சொல்றான். ஏன்?"

"உனக்கு ஆரிலதான் சந்தேகமில்ல? போன கிழமை தேத்தண்ணிக்காரன் பாலுக்க தண்ணி விடுறான் எண்டனீ."

"அது நிஜம்க்கா."

"சரி, இதைச் சொல்லு. மூண்டும் ஒரே பேசிஸோ?"

எனக்குக் காது சூடானது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் செய்த தவறு அது. ஒருவன் ஜெபல் அலி துறைமுகம் வரை கொண்டுவந்து தரும் விலையைச் சொல்லியிருந்தான், இன்னொருவன் தொழிற்சாலை வாசல் விலையை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இவன்தான் மலிவு என்று பச்சை அடித்திருந்தேன். அன்றைக்கும் பிடித்தது இதே அக்கா.

திரும்பி வந்து அந்தப் பக்கங்களின் அடிக்குறிப்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முந்நூற்றெட்டின் வேகம் இருபத்துநான்கு அங்குல ரைஃபிள் குழலில் அளந்தது. முப்பது-முப்பதும் அப்படியே. மூன்றாவதான நாற்பத்துநான்கு மேக்னம் மட்டும் கைத்துப்பாக்கி நீளத்தில். பண்ணையில் இருப்பதோ பதினான்கு அங்குலக் குழல்கள். குழல் குட்டையானால் வெடிமருந்தில் ஒரு பகுதி குண்டைத் தள்ளாமல் வாய்க்கு வெளியே நெருப்பும் சத்தமுமாகப் போய்விடும். அதிக மருந்து போட்ட முந்நூற்றெட்டில் அது இன்னும் அதிகம், சுடும்போது கையில் வரும் உதையும் அதிகம். என் பச்சைக் கட்டத்தில் இருந்தது வேறொரு துப்பாக்கி.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒருமுறை கிளப்பில் முதலாளி பெரிய கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்தார். முதல் குண்டு நன்றாக விழுந்தது. இரண்டாவதற்கு விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொண்டார். குண்டு காகிதத்திலேயே படவில்லை.

"அப்ப அந்த மேனேஜர் நல்லவன் எண்டுறியோ?" என்றார், என் மேசைக்கு வந்து அதையெல்லாம் கேட்ட அக்கா.

"சரியாச் சொல்லியிருக்கலாம்க்கா. எதுக்காகச் சொன்னான்னு இன்னும் தெரியல."

மேனேஜருக்குப் பதில் எழுதினேன். மூன்று குழல்களையும் அறுபது மீட்டரில் காகிதத்தில் சுட்டு, குண்டின் வேகமானி காட்டும் எண்ணோடு படம் அனுப்பச் சொல்லி. அக்கா திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"படத்தில திகதியும் தெரியவேணும் எண்டு போடு."

போட்டேன்.

அவன் அனுப்புவதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கப் போவதில்லை. இந்தச் சனிக்கிழமை கிளப்பில் ஒரே பெட்டித் தோட்டாக்களில் பத்தை நீண்ட ரைஃபிளிலும் பத்தைக் கைத்துப்பாக்கியிலும் சுட்டு, குட்டைக் குழல் எவ்வளவு வேகத்தைத் தின்கிறது என்று என் கண்ணாலேயே பார்க்க வேண்டும். முதலாளியையும் வரச் சொல்லியிருக்கிறேன். உதை குறைந்ததில் ஐந்து, கூடியதில் ஐந்து அவர் சுடட்டும். நான் காகிதத்தைப் பார்க்கப் போவதில்லை, அவருடைய இமைகளைத்தான்.