இடைவேளை வரைக்கும்

கண்ணாடிக்கடையில் லென்ஸ் அறுக்கிற அந்த மனிதருக்கு ‘மார்க்குக்காரர்’ என்று பெயர் விழுந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கிய மார்க்கைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பார்த்த படத்துக்கெல்லாம் நூற்றுக்கு இவ்வளவு என்று போடுவார், அதனால் வந்த பெயர். டிக்கெட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் மார்க், அதன் கீழே ஒரே ஒரு வரியில் காரணம். போட்டால் போட்டதுதான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். சமீபத்தில் வந்த ஒரு காதல் படத்துக்கு முப்பத்தொன்றுதான் போட்டார். கதாநாயகிக்குக் கிட்டப்பார்வை, சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாமல் நாலடி நடக்க முடியாதாம். ஆனால் அவ்வளவு பவர் உள்ள கண்ணாடிக்குப் பின்னால் தெரிய வேண்டிய மாதிரி கன்னத்தின் ஓரம் ஒரு இம்மிகூட உள்ளே தள்ளித் தெரியவில்லை. பவரே இல்லாத வெறும் கண்ணாடி. ‘கண்ணே பொய், அழுகையை எப்படி நம்ப?’ என்று எழுதினார். அடுத்து வந்த போலீஸ் படத்துக்கு நாற்பது. மூன்று நாள் காட்டில் ஓடியவரின் ஷூவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருந்தது. ஒரு பேய்ப் படம் மட்டும் அறுபது வாங்கியது. அது பேய்க்குப் போட்ட மார்க் இல்லை. வேறு வீடு கிடைக்காமல் பேயோடேயே குடித்தனம் நடத்திய அந்தக் குடும்பத்துக்குப் போட்டது.

இந்த விமரிசனங்களுக்கு வாசகர் உலகத்திலேயே ஒருவர்தான். பஸ் பணிமனையில் சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற குஷன்காரர். இருவரும் வாலிப வயதில் டிக்கெட் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று பழகியவர்கள். பிறகு குஷன்காரர் மார்க்குக்காரரின் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் ஆனார். பக்கத்து சீட்டுக்கு நிரந்தரமாக ஆள் வேண்டும் என்றுதான் அண்ணன் தன்னைக் கட்டிக்கொடுத்ததாகத் தங்கச்சி சொல்வாள். அவளுக்கும் சினிமாவுக்கும் ஏழாம் பொருத்தம். டைட்டில் ஓடும்போதே தூங்கிவிடுவாள்.

அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. ஒருவர் பார்த்து மற்றவர் பார்க்காத படமென்றால் மார்க்கைச் சொல்லலாம், கதையை இடைவேளை வரைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. இது சும்மா வந்த விதியில்லை. ஒரு தடவை முந்தின காட்சி முடிந்து வெளியே வந்த ஒருவன், வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்டான். குஷன்காரர் அவன் சட்டையைப் பிடித்தார், அவன் குஷன்காரரின் கடைவாய்ப் பல்லைப் பெயர்த்தான். பல் போன இடத்தில் விதி முளைத்தது. முப்பது வருஷத்தில் ஒருவரும் அதை மீறியதில்லை.

குஷன்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. பழைய சீட்டுகளைப் பிய்க்கும்போது பறக்கிற நுரைத்தூள், பசை நெடி, எது காரணமென்று டாக்டர் நிச்சயமாகச் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது, மூக்கில் குழாய் வந்தது. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாலே மனிதருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மார்க்குக்காரர் தனியாகப் படம் பார்த்துவிட்டு ஞாயிறு மாலை நாலு மணிக்கு டிக்கெட்டோடு போய்க் கட்டிலருகே உட்காருவார். பக்கத்து சீட்டு காலியாக இருப்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அப்படித்தான் அந்தக் கப்பல் படமும் வந்தது. கப்பலில் சமையல்காரனாகப் போனவன் கடலில் காணாமல் போகிறான். மனைவி துறைமுக அலுவலகத்து வாசல் பெஞ்சில் ஒரு நாள் விடாமல் வந்து உட்காருகிறாள். ஒரு நாள் அதிகாரி அவனுடைய பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, ஆள் இறந்துவிட்டதாக ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார். அவள் பேனாவை வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். இடைவேளை.

மார்க்குக்காரர் குஷன்காரருக்குச் சொன்னது இவ்வளவுதான். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்லலாம், உங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தம் ஒன்றுமில்லை. அவள் கையெழுத்துப் போடவில்லை. அவன் வந்துவிடுகிறான். பாதி ஆளாக இளைத்துப்போய், யாரோ கொடுத்த சட்டையோடு வந்து அந்த பெஞ்சில் உட்காருகிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி இடம் விடுகிறாள். படம் முடிந்தது. மார்க்குக்காரர் விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். டிக்கெட்டில் தொண்ணூற்று நாலு போட்டார்.

மார்க்கைக் கேட்டதும் குஷன்காரர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்கு முன்னால் தொண்ணூறைத் தாண்டி மார்க்குக்காரர் போட்டது வாழ்க்கையில் நாலு தடவைதான், நாலிலும் கடைசியில் சாவு. “உனக்குப் பொணம் விழுந்தாத்தான் மச்சான் பென்சில் தொண்ணூறைத் தாண்டும்” என்று கேலி செய்தார். மார்க்குக்காரர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு முடிவை மாப்பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கட்டும், வாயால் சொல்லிக் கெடுக்கக் கூடாது என்று அவருக்கு ஆசை. தியேட்டர் மேனேஜரிடம் பேசி, பக்கத்துக் கதவுக்கு அருகில் இரண்டு சீட்டும் சிலிண்டர் வைக்க இடமும் கேட்டு வைத்திருந்தார். மேனேஜரும் சரியென்றார்.

ஆனால் குஷன்காரரால் மாடிப்படி இறங்க முடியவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. மூன்றாவது வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு குஷன்காரர் கேலி எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சை வாங்கிக்கொண்டு கேட்டார்.

“மச்சான், அந்த ஆளு வந்தானா?”

“விதின்னா விதிதான் மாப்ள.”

“படத்தைத்தான் தூக்கிட்டானே. நான் எங்க இனிமே பார்க்கப் போறேன். சொல்லிடு.”

“டீவியில போடுவான். ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.”

குஷன்காரர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மார்க்குக்காரருக்கு வீம்பு ஒன்றுமில்லை, பயம். சொல்லிவிட்டால், நீ இனி எந்தப் படமும் பார்க்கப் போவதில்லை என்று தன் வாயாலேயே தீர்ப்பு எழுதின மாதிரி ஆகிவிடுமே என்ற பயம். சொல்லாமல் இருக்கும்வரை அவன் இருப்பான் என்று, ஐம்பத்தாறு வயதில் சின்னப்பிள்ளை மாதிரி நம்பினார். படியிறங்கும்போது திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றார். அடுத்த ஞாயிறு ஆகட்டும் என்று போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் குஷன்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கடைக்குத் தகவல் வந்து மார்க்குக்காரர் ஓடுவதற்குள் நினைவு தப்பிவிட்டது. வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் எல்லாம் முடிந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தங்கச்சி வீட்டுக்குப் போனார். சிலிண்டரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது நின்ற இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. அவள் புருஷனுடைய தையல் மிஷின் மேல் துணியைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து சினிமாப் பேச்சு வரும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை நடந்ததை அவள் சொன்னாள். மூச்சு ரொம்ப மோசமானதும் டாக்டர் வெளியே கூப்பிட்டாராம். தொண்டையில் குழாய் போட்டு மிஷினில் வைத்துப் பார்க்கலாம், திரும்பி வந்தாலும் வரலாம், உறுதி சொல்ல முடியாது என்றாராம். வைப்பதானாலும் வேண்டாமென்றாலும் வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும். அவள் உள்ளே போய்ப் புருஷனையே கேட்டிருக்கிறாள். அவர் மாஸ்க்கைக் கையால் விலக்கிக்கொண்டு பேசினாராம்.

“என்னம்மா சொன்னார்?”

“அந்தக் கப்பல் படத்தைச் சொன்னார் அண்ணா. ‘உங்க அண்ணன் முடிவைச் சொல்லாததுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த ஆளு வரலை. வந்திருந்தா, நான் கிடக்கிற கிடைக்கு மச்சான் சொல்லாம இருப்பானா? நீ அவளை மாதிரி வாசல்ல பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உட்காராதே. மிஷின் வேண்டாம்னு கையெழுத்தைப் போட்டுடு’ன்னார். நான் போட்டுட்டேன்.”

மிஷினில் வைத்திருந்தால் மட்டும் பிழைத்திருப்பாரா என்று யாருக்குத் தெரியும். டாக்டருக்கே தெரியாது. ஆனால் அந்த ஆள் வந்தான் என்பது மார்க்குக்காரருக்குத் தெரியும். மூன்று ஞாயிறு நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு விழுங்கிவிட்டு வந்த சேதி அது.

“மனசு அடிச்சுக்குது அண்ணா. ராத்திரியெல்லாம் இதே நினைப்புதான். அவர் சொன்னது சரிதானே? படத்துல அந்த ஆளு வரலைதானே?”

அவள் கை தையல் மிஷின் மேலிருந்த துணியைக் கசக்கிக்கொண்டே இருந்தது. கன்னத்து ஓரம் ஒரு இம்மி தப்பினாலும் கண்டுபிடித்து எழுதுகிற மனிதர், அந்தக் கையைப் பார்த்தார்.

“வரலைம்மா. அவ கடைசியில கையெழுத்துப் போட்டுடுவா.”

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு படத்தின் முடிவை அவர் வாயால் சொன்னார். சொன்னது பொய்.

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியை நீவிச் சரிசெய்தாள். அப்பாடா என்று அவள் முகம் தளர்ந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் வாசல்வரை வந்தாள்.

“அந்தப் படம் டீவியில வருமாமே அண்ணா, நீதான் சொன்னியாமே. போடற அன்னிக்கு எனக்குச் சொல்லு. அவர் பார்க்காம விட்டதை நான் முழிச்சிருந்து கடைசி வரைக்கும் பார்க்கணும்.”

சரி என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.