கரண்ட் போகக் காத்திருந்தவள்

என் படலத்தில் குறையில்லை. இதைச் சொன்னபோது எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் தூக்கம் கெடவில்லை, கோபம்தான் வந்தது.

2011இல் கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போய்க்கொண்டிருந்தேன். தேரோடும் வீதியை ஒட்டிய பழைய கட்டடத்தில் எங்கள் கூடம். விண்மீன்கள் பிறக்கும் தூசி மேகங்களிலிருந்து வரும் மெல்லிய வெப்பத்தை உணரும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அதன் உயிரே சூப்பர் கண்டக்டர் எனப்படும் மீக்கடத்தியால் ஆன நகத்தளவு மெல்லிய படலம்தான். திரவ நைட்ரஜனால் குளிர வைத்தால் அதன் மின்தடை திடீரென்று காணாமல் போகும். பொங்கப்போகும் பாலைப் பார்த்துக்கொள்வது போல, அந்த விளிம்பில் அதை நிறுத்திவைக்க வேண்டும். அப்போது துளி வெப்பம் பட்டாலும் தடை எகிறும். திரையில் கோடு மேலே ஏறும்.

என் கோடோ எதுவும் படாமலேயே துள்ளியது.

என் வழிகாட்டியான பேராசிரியர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். "படலம் சரியில்லம்மா. மாசக் கடைசிக்குள்ள கோடு அடங்கலன்னா வேற தலைப்பு எடுத்துக்க" என்று சொல்லிவிட்டார். வருஷக்கணக்கில் உலையில் சுட்டு, பழுதானதைத் தூக்கிப்போட்டு, மறுபடி சுட்டு எடுத்த படலம் அது. விட்டுக்கொடுப்பேனா? துள்ளல் கட்டடத்தின் மின்கம்பிகளிலிருந்து வருகிறது என்பது என் கட்சி. கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கரண்ட் போவதற்கா அப்போது பஞ்சம்? தினமும் போயிற்று. ஆனால் போன கையோடு வீதியிலிருந்த கடைகளெல்லாம் ஜெனரேட்டரைப் போட்டுவிடும். கோடு முன்னைவிட மோசமாகத் துள்ளும். "பாத்தியா?" என்பார் பேராசிரியர். அந்த 'பாத்தியா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிதம்பரத்தில் லைன்மேன். கரண்ட்டும் போய், ஜெனரேட்டரும் ஓடாத நேரம் ஏதாவது உண்டா என்று அவரிடம் கேட்டேன்.

"கரண்ட் எப்ப வரும்னுதான் ஊரே எங்கள திட்டுது. எப்ப போவும்னு கேக்குற ஒரே ஆளு நீதான் பாப்பா" என்று சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு, "ஆனித் தேர் அன்னிக்கு வா. தேர் வர்ற வீதியில லைன நிறுத்திடுவோம். கடையெல்லாம் சாத்திடுவாங்க. ஆனா தேர் உங்க பக்கம் திரும்புறதுக்குள்ள வேலைய முடிச்சிக்க. திரும்பிடுச்சின்னா தரையே அதிரும்" என்றார்.

தேரன்று காலையிலேயே நைட்ரஜனை ஊற்றிப் படலத்தைக் குளிர வைத்தேன். கருவியையும் திரையையும் தனி பேட்டரியில் இணைத்தேன். பேராசிரியரையும் விடாப்பிடியாக வரவழைத்தேன். உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. முகத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மின்விசிறி நின்றது. வெளியே கடைகள் ஓய்ந்து கிடந்தன. திரையைப் பார்த்தேன். கோடு குறைந்திருந்தது, ஆனால் அடங்கவில்லை.

"பாத்தியா?"

அடுத்த வீதியில் மேளம் கேட்டது. தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூலையில், கரண்ட் போனதும் தானாகவே மின்சாரம் தரும் எங்கள் கூடத்தின் யுபிஎஸ் அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அடுத்த கடைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேனே! ஓடிப்போய் அதை அணைத்தேன்.

கோடு அப்படியே படுத்துவிட்டது. பேராசிரியர் பக்கம் திரும்பினேன்.

"சார், கருவிக்கு முன்னால கையக் காட்டுங்க."

அவர் உள்ளங்கையை நீட்டினார். கோடு ஏறியது. எடுத்தார், இறங்கியது. மறுபடி நீட்டினார். அதன்பின் என்னைக் கேட்காமலேயே நீட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்துக் கோடு குலுங்கியபோதுதான் தேர் திரும்பிவிட்டது என்று தெரிந்தது. அதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

தேர் கடந்துபோய் வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது. வீதியே 'ஹோ' என்று கத்தியது. திரையில் கோடு பழையபடி துள்ள ஆரம்பித்தது. பேராசிரியர் வழக்கம்போல முகம் சுளித்தார். ஆனால் இந்த முறை அவர் திட்டியது சுவரிலிருந்த சுவிட்ச் போர்டை.