சிரித்த முகமாய் ஒரு ஸ்லாத்

வாய் பேசாத சீவனைப் பராமரிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: அதற்கு என்ன வேண்டும் என்பது நம்மைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாட்டை விட்டு வந்து, சிசிலியின் பலெர்மோவில் பத்து வருடம் வீடுகள் துடைத்த பிறகு, பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய வில்லாவில் இருந்த தனியார் மிருகக்காட்சிச்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. என் பொறுப்பு ஒரேயொரு ஸ்லாத். மழைக்காட்டில் கிளையில் தலைகீழாகத் தொங்கி வாழ்கிற பிராணி. அதன் வாய் அமைப்பே சிரிப்பது போல இருக்கும்.

குளிப்பாட்டு

வந்திறங்கியபோது அதன் முதுகெல்லாம் பச்சை. வீடு துடைத்த கை சும்மா இருக்குமா? சோப்புப் போட்டுத் தேய்த்து விட்டேன். பிறகு வந்த மிருக வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டார். அது அழுக்கல்ல, மயிரில் வளர்கிற பாசி. காட்டில் கழுகின் கண்ணிலிருந்து அதை மறைப்பதே அந்தப் பச்சைதானாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி என் தோளில் தட்டினார்.

"விடு, இப்பதான் பாக்கிற மாதிரி இருக்கு."

கட்டிப்பிடிப்பு

ஞாயிறுகளில் வருகிறவர்கள் அதைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். அது விறைத்துப்போய், கையில் அகப்பட்டதை இறுக்கிப் பிடிக்கும். நெஞ்சு படபடவென்று அடிப்பது என் விரலுக்குத் தெரியும். காட்டை வெட்டுகிறவர்கள் தாயிடமிருந்து பிடுங்கி விற்ற குட்டி அது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியிலிருந்து வந்த நம்மவர் குடும்பம் ஒன்றுக்கு இதைத் தமிழில் விளக்கினேன். படம் எடுத்து முடியும்வரை பொறுமையாகக் கேட்ட தாய் சொன்னாள்:

"சும்மா இருங்கோ அக்கா, அது என்ரை பிள்ளையை விட மனமில்லாமல் எல்லோ பிடிச்சிருக்குது!"

காத்திருப்பு

ஸ்லாத் வாரத்துக்கு ஒரு தடவைதான் மலம் கழிக்கக் கீழே இறங்கும். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி, வயிறு வேலை செய்கிறதே! மற்ற நாளில் அசையாது. ஒரு மணித்தியாலம் பார்த்துநின்ற ஒரு பெரியவர் கோபத்தோடு என்னைக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு, இது பஞ்சடைச்ச பொம்மைதானே?"

சனவரி

சூட்டு விளக்கு பழுதாகிவிட்டது. வெளியே வெயில் எறித்தாலும் அந்தக் கல் வில்லாவுக்குள் கை விறைக்கும். ஸ்லாத்தால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்திருக்க முடியாது. குளிர்ந்தால் வயிற்றில் இலையைச் செரிக்க வைக்கிற கிருமிகள் வேலை செய்யாது, வயிறு நிறைந்திருக்கவே பட்டினியால் சாகும். இதை முதலாளியிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். கடைசியில் என் அறையிலிருந்த ஹீட்டரைக் கொண்டுபோய் வைத்தேன். வருகிறவர்கள் எடுக்கிற படத்தில் விழுகிறதென்று முதலாளி அதையும் எடுத்துவிட்டார்.

"இது சிசிலி, வடக்கே குளிரிற மிலானோ இல்லை. அதைப் பார், சிரிச்சுக்கொண்டுதானே இருக்குது!"

கடைசி ஞாயிறு

அந்த வாரம் அது கீழே இறங்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. வயிறு மட்டும் உருண்டு திரண்டிருந்தது. ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தேன், கல்லாய்க் குளிர்ந்திருந்தது. நகங்கள் மட்டும் கிளையை விடவில்லை. கதவைப் பூட்டச் சொல்ல நான் முதலாளியிடம் ஓடிப்போய்த் திரும்புவதற்குள் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு தாய் மகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பார், எவ்வளவு சந்தோசமா நித்திரை கொள்ளுது!"

என்னை வேலைக்கு எடுத்தபோது முதலாளி சொன்ன காரணமும், உங்கள் ஆட்கள் எப்போதும் சிரித்த முகம், ஒரு குறையும் சொல்லமாட்டார்கள் என்பதுதான்.